ஈயம் வைக்க முடியாத இடத்தில் மின்கடத்தும் எபாக்சி

கேள்வி, பிப்ரவரி 3

காரின் பின்கண்ணாடியில் பனிமூட்டம் நீக்கும் கோடுகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சின்ன உலோகத் துண்டு வயரோடு பிய்ந்து வந்துவிட்டது. சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயம்) வைத்தால் கண்ணாடி விரிசல் விடும் என்று பயமுறுத்துகிறார்கள். மின்கடத்தும் எபாக்சி (வெள்ளி கலந்த, இரண்டு பாகமாக வரும் பசை) போட்டு ஒட்டினால் நிற்குமா? நிற்கும் என்றால் வீட்டுச் சாமான்களிலும் சால்டருக்குப் பதில் அதையே வைத்துவிடலாமே. ஒரு செட் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமல்லவா?

பிப்ரவரி 3, இரவு

முதல் கேள்விக்குப் பதில்: நிற்கும். இரண்டாவதற்கு: ஆகாது. காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன்.

ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு மறிக்கிறது என்பதன் அளவுதான் மின்தடைத்திறன். செம்புக்கு அது சுமார் 0.0000017 ஓம்-செ.மீ. சாதாரண ஈய-வெள்ளீய சால்டர் அதைப்போல எட்டொன்பது மடங்கு, 0.000015 அளவில். நல்ல வெள்ளி எபாக்சி 0.0001 முதல் 0.0005 வரை இருக்கும். அதாவது 0.0005 உள்ள பசை செம்பைவிட ஏறக்குறைய 300 மடங்கு மோசம், சால்டரைவிட 30 மடங்கு மோசம். இதைப் பார்த்ததும் பலர் பசையை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் மின்சாரம் அந்தப் பசைக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடியிலிருந்து பிய்ந்த உலோகத் துண்டையே எடுத்துக்கொள்வோம். அடிப்பாகம் 8 மி.மீ.க்கு 6 மி.மீ. என்று வையுங்கள். நடுவே பசை 0.1 மி.மீ. கனம். மின்சாரம் அந்த 0.1 மி.மீ.யைக் குறுக்கே கடந்தால் போதும். தடை 0.00001 ஓம் வருகிறது. 20 ஆம்பியர் ஓடினாலும் 0.2 மில்லிவோல்ட்தான் விழும். யாருக்கும் தெரியாது.

அதே பசையை 1 மி.மீ. அகலத்தில், 0.1 மி.மீ. கனத்தில், 1 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடாக இழுங்கள். தடை 0.5 ஓம். 20 ஆம்பியரை அதில் விட்டால் 10 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும், அதற்குள் பசை புகைந்துவிடும்.

குறுக்கே கடக்க விட்டால் நல்ல பசை, நெடுக ஓடவிட்டால் மோசமான வயர். இதை வைத்துப் பார்த்தாலே பாதி ரிப்பேர்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 4

ஒட்டும் முறையைக் கேட்டிருக்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் பழைய சால்டர், பழைய பசை எல்லாம் போக வேண்டும். கழன்ற துண்டின் அடியில் ஈயம் கட்டியாக இருந்தால் சால்டரிங் அயர்ன் வைத்து உருக்கித் துடைத்துவிட்டு, நுண்ணிய உப்புத்தாளில் பளிச்சென்று தேய்க்கவும். கண்ணாடிப் பக்கம் கையை அடக்க வேண்டும். அங்கே இருப்பது வெள்ளியும் கண்ணாடிப்பொடியும் கலந்து அச்சடித்துச் சுட்ட மெல்லிய படலம். உப்புத்தாள் போட்டால் படலமே போய்விடும். பென்சில் அழிப்பான் போதும், கறுப்பு நீங்கி வெள்ளை மினுக்கம் தெரியும். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு பக்கமும் துடைத்து, அதற்குப்பிறகு விரல் படாமல் வைத்திருக்க வேண்டும்.

பசையை வெளியே எடுப்பதற்கு முன் டப்பாவுக்குள்ளேயே நன்றாகக் கிளறவும். வெள்ளி கனமானது, அடியில் படிந்திருக்கும். மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் வெள்ளி குறைந்த ரெசின் (எபாக்சிக் கூழ்) தான் கையில் வரும். கலவை விகிதத்தை எடையில் சொல்லியிருக்கிறார்களா, கன அளவில் சொல்லியிருக்கிறார்களா என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாகத்திலும் ஒரே அளவு வெள்ளி இல்லாவிட்டால் இரண்டு விகிதங்களும் வேறு வேறு.

மெல்லிசாகப் பூசி, துண்டை வைத்து அழுத்தி, ஓரத்தில் லேசாகப் பிதுங்கி வந்தால் சரி. டேப் போட்டு இறுக்கவும். வயரை வேறொரு இடத்தில் தனியாக ஒட்டி வைக்கவும். அது தொங்கி இழுத்துக்கொண்டிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. முதல் தடவை பிய்ந்ததும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அறைச் சூட்டில் ஒரு முழு நாள் விடவும். சீக்கிரம் இறுக வேண்டுமே என்று டிஃபாகரை (பனிமூட்டம் நீக்கும் கோடுகளின் சுவிட்சை) போட்டுவிடாதீர்கள். இறுகாத பசை வழியே முழு மின்னோட்டமும் போகும்.

பிப்ரவரி 4, இன்னொன்று

கலந்த உடனே பசையில் மல்டிமீட்டரை வைத்து "கடத்தவே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பசையை வீச வேண்டாம்.

உள்ளே இருப்பது வெள்ளிச் செதில்கள். எடையில் பார்த்தால் 70, 80 சதவீதம்கூட வெள்ளியாக இருக்கும். ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு செதிலையும் ரெசின் சுற்றியிருக்கிறது. போதாததற்குச் செதில்களை அரைக்கும்போது ஒட்டாமலிருக்கப் போட்ட கொழுப்பமிலப் பூச்சு வேறு. எபாக்சி இறுகும்போது சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் செதில்களை, காய்ந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுபோல, ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது. அப்போதுதான் வெள்ளிக்கு வெள்ளி தொட்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாதை கிடைக்கும். ஈரப்பசையை அளப்பதில் பயனே இல்லை.

சூடாக இறுக்கினால் தடை இன்னும் குறையும், இதுவும் அதனால்தான். எபோடெக் எச்20இ என்ற வெள்ளி எபாக்சி, சிப்புகளை ஒட்டும் தொழிற்சாலைகளில் பழைய கை. அதை 80 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வைக்கச் சொல்வார்கள், 150 டிகிரி என்றால் சில நிமிடங்களே போதும். நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் அறைச் சூட்டில் இறுகும் வகை. அதற்கும் முதல் சில மணி நேரம் கழித்து ஹேர் டிரையரில் கைபொறுக்காத சூடு கொடுத்தால் நல்ல பலன் தெரிகிறது. கண்ணாடியில் ஒரே இடத்தில் காட்டாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 9

துண்டை ஒட்டி முடித்த நண்பர் மல்டிமீட்டரில் 0.3 ஓம் வருகிறது, கணக்கில் சொன்னது எங்கே, இது எங்கே என்கிறார். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அப்போதும் 0.2, 0.3 காட்டும். அது மீட்டர் வயரின் தடை. மில்லி ஓம்களைச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதியில் அளக்கவே முடியாது.

டிஃபாகரைப் போடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் துண்டின் உலோகத்தில், இன்னொன்றைத் துண்டை ஒட்டியுள்ள கண்ணாடிப் படலத்தில் தொடுங்கள். 15 ஆம்பியர் ஓடும்போது 15 மில்லிவோல்ட் வந்தால் இணைப்பின் தடை 1 மில்லி ஓம். அங்கே வீணாகும் சூடு கால் வாட்டுக்கும் குறைவு. நான் இதைத் திருப்தியான இணைப்பு என்பேன். நூறு, இருநூறு மில்லிவோல்ட் என்று வந்தால் பிரித்துத் திரும்பச் செய்வதுதான் நல்லது. 200 மில்லிவோல்ட் என்றால் 3 வாட் அந்த நகத்தளவு இடத்தில் எரிகிறது, சில குளிர்காலங்களில் பசை வெந்துவிடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கணக்கின்படி 15 ஆம்பியரில் 0.15 மில்லிவோல்ட்தான் வர வேண்டும். நிஜத்தில் அதைவிடப் பல மடங்கு வருகிறது. தடை பசையின் உடம்பில் இல்லை, பசையும் உலோகமும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அழிப்பானும் உப்புத்தாளும் ஆல்கஹாலும் பற்றி இவ்வளவு நீட்டி எழுதியது அதற்காகத்தான்.

பிப்ரவரி 10

மீட்டர் முனை கூர்மையாக இருக்கும், படலத்தைக் கீறிவிடும். நுனியில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு தொடவும். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

இப்போது கோடு அறுந்த கேஸ். துண்டு நன்றாக இருக்கிறது, ஒரு கோடு மட்டும் பனியை நீக்கவில்லை. அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஃபாகரைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை எர்த் பக்கத்துப் பட்டையில் (கோடுகளெல்லாம் போய்ச் சேரும் ஓரப் பட்டை) வைத்துக்கொண்டு, தாள் சுற்றிய சிவப்பு முனையைக் கோட்டின்மேல் நகர்த்திக்கொண்டு போங்கள். நல்ல கோட்டில் 12 வோல்ட்டிலிருந்து மெல்ல மெல்லக் குறையும், நடுவில் 6 இருக்கும், அந்தக் கோடியில் 0. அறுந்த கோட்டில் 12, 12, 12 என்றே வந்து ஓரிடத்தில் சட்டென்று 0 ஆகிவிடும். அந்த இடம்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முடி அகல இடைவெளி தெரியும்.

இங்கே மின்சாரம் பசையின் நெடுக ஓட வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் நான் முதல் நாள் சொன்னதன்படி கூடாதே என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு கோடு 1 மீட்டர் நீளம், 10 ஓம், 1.2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 மி.மீ. நீளத்துக்கு இயல்பாக விழும் சூடு 0.04 வாட். 3 மி.மீ. இடைவெளியை 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. கனத்தில் நல்ல வெள்ளிப் பசையால் நிரப்பினால் 0.15 ஓம், 0.2 வாட். கோட்டைவிட ஐந்து மடங்கு சூடு. தாங்கும், ஆனால் எனக்குப் பிடிக்காது. அகலத்தை 2 மி.மீ.க்கும் கனத்தை 0.2 மி.மீ.க்கும் கூட்டினால் தடை நாலில் ஒன்றாகி, சூடும் கோட்டின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

மேலும் கீழும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினால் 0.2 மி.மீ. கனம் தானாகக் கிடைக்கும். நடுவே பசையை வைத்து ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஒரே இழுப்பு. இடைவெளியின் இரண்டு பக்கமும் நல்ல கோட்டின்மேல் அரை செ.மீ.யாவது ஏற வேண்டும். பசை முழுக்க இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிடவும், இல்லையென்றால் பசை டேப்போடு எழுந்துவரும்.

ஒரு சென்டிமீட்டருக்கு மேல் படலமே போயிருந்தால் பசையை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, அதன் இரண்டு கோடியிலும் பசை வைக்கவும். கம்பி நெடுக ஓடும் வேலையைப் பார்க்கும், பசை குறுக்கே கடக்கும் வேலையைப் பார்க்கும். 0.5 மி.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பி 1 செ.மீ.க்கு ஒரு மில்லி ஓம்கூட வராது.

பிப்ரவரி 17

"நல்ல வெள்ளிப் பசை" என்று எழுதிக்கொண்டே போகிறேன், அதை விளக்க வேண்டும். டப்பாவில் வெள்ளி என்று போட்டிருந்தாலும் 0.0003 ஓம்-செ.மீ. உள்ளதும் இருக்கிறது, 0.007 உள்ளதும் இருக்கிறது. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். நேற்றைய கோட்டில் 0.007 உள்ள பசையை மெல்லிசாகப் போட்டால் 2 ஓம் வரும், அந்த 3 மி.மீ.யில் சுமார் 2 வாட் எரியும். பழுப்பாகிக் கருகும். ஆனால் அதே பசையைத் துண்டின் அடியில் போட்டால் 20 ஆம்பியருக்கு 3 மில்லிவோல்ட்தான், ஒன்றும் ஆகாது. மலிவான பசையையும் குறுக்கே கடக்கும் இடத்தில் தைரியமாகப் பயன்படுத்தலாம். விவரத்தாளில் மின்தடைத்திறன் என்ற வரியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அந்த வரியே இல்லாத பசையை நான் தொடுவதில்லை.

பிப்ரவரி 22

"வெள்ளி விலை அதிகம், சாதாரண எபாக்சியில் செம்புத் தூளைக் கலந்தால் என்ன?" இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன்.

கடத்தாது, அல்லது இன்றைக்குக் கடத்தி அடுத்த மாதம் நின்றுவிடும். செம்புத் துகளின் மேல் ஆக்சைடு படலம் உண்டாகும், அது மின்சாரத்தை மறிக்கும். துகளுக்குத் துகள் தொடும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் படலம் நிற்கும். அலுமினியத் தூள் இன்னும் மோசம், காற்றுப் பட்ட கணமே ஆக்சைடு மூடிக்கொள்ளும். வெள்ளியின் ஆக்சைடு அந்த அளவுக்கு மறிப்பதில்லை, அதனால்தான் இத்தனை செலவு செய்து வெள்ளியைப் போடுகிறார்கள். செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய துகள்கள் போட்ட பசைகளும் உண்டு, அவை பரவாயில்லை.

கிராஃபைட் தூள் கலந்தால் கடத்தும், ஆனால் கார்பன் பசைகளின் தடை வெள்ளிப் பசையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு, சிலவற்றில் ஆயிரக்கணக்கான மடங்கு. அதற்கான இடம் தனியாக இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஜேபி வெல்ட் என்ற உலோகம் ஒட்டும் எபாக்சி கறுப்பாக, உலோகம் போலவே இருக்கிறதே, கடத்துமா என்று ஒருவர். அதில் இரும்புத்தூள் இருந்தாலும் கடத்தாது. துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருக்கமாக இல்லை, ஒவ்வொன்றும் ரெசினுக்குள் தனித்தனியாகக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே போடும் வெப்பப் பசையும் அப்படித்தான். பெயரில் வெள்ளி இருக்கலாம், கடத்துவது வெப்பத்தை மட்டும்.

மார்ச் 1

வாஷிங் மெஷினின் பட்டன் பலகை பற்றி. இந்தப் பசையின் அருமை எனக்குப் புரிந்தது காரில் இல்லை, இதில்தான்.

பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வால் இறங்கிச் சர்க்யூட் போர்டின் சாக்கெட்டில் செருகியிருக்கும். அந்த வால் பாலியெஸ்டர். அதன்மேல் வெள்ளி மையால் அச்சடித்த கோடுகள். மெஷினின் ஓரத்தில் மடங்கித் திரும்பும் இடத்தில் இரண்டு கோடுகள் விட்டுவிட்டன, ஸ்டார்ட் பட்டன் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. பாலியெஸ்டரில் அயர்னை வைத்தால் சுருண்டு போய்விடும், ஈயம் வைக்க வழியே இல்லை.

வாலை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் மடிப்பு நீக்கி ஒட்டினேன். மேலே இருந்த பச்சைக் காப்புப் பூச்சைப் பிளேடு முனையால் சுரண்டினேன், வெட்டக்கூடாது, பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். பச்சை தூளாக உதிர்ந்து சாம்பல் வெள்ளை தெரிந்தது. விரிசல் கோட்டுக்குக் குறுக்கே, முடியைவிட மெல்லிசு. தையல் ஊசியின் நுனியில் பசையை எடுத்து, முதலில் விரிசலின்மேல் ஒரு புள்ளி, பிறகு இரண்டு பக்கமும் இழுத்து விட்டேன். பக்கத்துக் கோடு ஒரு மி.மீ. தள்ளித்தான், இரண்டும் ஒட்டிக்கொண்டால் பட்டன் அழுத்தாமலே மெஷின் ஓடும். இடையில் கசிந்ததை ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் துடைத்தேன். இறுகிய பிறகு கோட்டுக்கும் பக்கத்துக் கோட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து ஒன்றும் வரவில்லை என்று பார்த்தபின்தான் மாட்டினேன்.

எபாக்சி விறைப்பானது. மடிப்பு அதே இடத்தில் விழுந்தால் மறுபடி விரிசல் விடும். அதனால் ஒட்டின இடத்துக்குக் கீழே விறைப்பான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டி, மடிப்பை இரண்டு விரல் தள்ளி விழவைத்தேன். இன்றுவரை ஓடுகிறது.

மார்ச் 2

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். "நெடுக ஓடவிட்டால் மோசமான வயர்" என்பதோடு எவ்வளவு மின்னோட்டம் என்பதையும் சேர்க்க வேண்டும். பட்டன் கோட்டில் ஓடுவது அரை மில்லி ஆம்பியர் அளவுதான். 5 வோல்ட், 10 கிலோ ஓம் வழியாக. அங்கே பசை 5 ஓம் கூட்டினால் என்ன, 50 ஓம் கூட்டினால் என்ன, போர்டுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சிக்னல் போகும் இடத்தில் நெடுகவும் ஓடலாம். பவர் போகும் இடத்தில்தான் கணக்குப் போட வேண்டும்.

கார்பன் பசைக்கு இடம் தனியாக இருக்கிறது என்றேனே, அதுவும் இதுதான். ரிமோட்டின் போர்டில் கறுப்புத் தடம் தேய்ந்திருந்தால் கார்பன் பூச்சு போதும், அங்கே சில நூறு ஓம் வந்தாலும் பட்டன் வேலை செய்யும். ஆனால் பட்டனின் ரப்பர் பக்கத்தில் எபாக்சி போடாதீர்கள். அது சிலிகோன் ரப்பர், எபாக்சி அதில் பிடிக்காது, நாலு அழுத்தலில் தகடாக உரியும். சிலிகோன் பசையில் ஒட்டிய மெல்லிய உலோகத் தாள் அங்கே நன்றாக நிற்கிறது.

மார்ச் 8

ஒரு வாசகர் முக்கியமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவர் ஒட்டிய இணைப்பு முதலில் அருமையாக இருந்ததாம், மழைக்காலம் முடிந்து பார்த்தால் தடை ஏறிவிட்டதாம். எந்த உலோகத்தின்மேல் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். வெள்ளீயம் பூசிய முனை.

அதுதான் விஷயம். வெள்ளிப் பசைக்குத் தங்கம், வெள்ளி, சுத்தமான செம்பு மூன்றும் நல்ல துணை. வெள்ளீயம், சால்டர், அலுமினியம் மூன்றும் ஆகாது. ஈரம் புகுந்ததும் வெள்ளியும் வெள்ளீயமும் சேர்ந்து குட்டி பேட்டரி ஆகிவிடும், அதில் வெள்ளீயம் அரிக்கப்படும், இடையில் ஆக்சைடு வளரும். இழுத்துப் பார்த்தால் பசை உறுதியாகத்தான் இருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. அதனால் கார்த் துண்டில் பழைய சால்டரை முழுக்க எடுக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முனையைச் செம்பு தெரியும்வரை தேய்த்து, உடனே ஒட்டி, இறுகியதும் ஓரமெல்லாம் சாதாரண எபாக்சியோ வார்னிஷோ பூசி ஈரத்தை அடைத்துவிடுங்கள்.

அலுமினியத்தில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நட்டு போல்ட் போடுங்கள். பசை வேண்டாம்.

மார்ச் 8, தொடர்ச்சி

ஈரத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி நகரும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெள்ளிக் கோடுகள், நடுவே டி.சி. வோல்டேஜ், மேலே ஈரப்படலம். இவ்வளவு இருந்தால் பாசிட்டிவ் பக்கத்து வெள்ளி கரைந்து நெகட்டிவ் பக்கம் போய்ப் படியும். அங்கிருந்து செடி கிளை விடுகிற மாதிரி மெல்லிய இழைகள் பாசிட்டிவை நோக்கி வளர்ந்து ஷார்ட் ஆகும். குளியலறை, அடுப்படி, காரின் கதவுக்குள் இருக்கும் போர்டு மாதிரி இடங்களில் பசைக்குமேல் காப்புப் பூச்சு இல்லாமல் விடவே கூடாது.

மார்ச் 15

போடக்கூடாத இடங்களைக் கேட்டு நிறையப் பேர். சிலவற்றில் கணக்கே தேவையில்லை.

வீட்டு மெயின் லைனில் எதற்கும் கூடாது. சுவிட்ச், பிளக், வயர் இணைப்பு, எர்த் எதுவும். எர்த் வயர் பழுது வரும் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்க வேண்டியது, அதை ஒரு பசையிடம் ஒப்படைப்பது உயிரோடு விளையாடுவது. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், டோஸ்டர் சுருள்களுக்கும் கூடாது. சுருள் சிவக்கும் சூட்டில் எபாக்சி கரியாகிவிடும்.

காரில் பேட்டரி முனை, ஸ்டார்ட்டர், பாடி எர்த் மூன்றும் போல்ட்டுக்கும் கிரிம்ப்புக்கும் (வயரின்மேல் நசுக்கி இறுக்கும் உலோக முனை) உரியவை. ஸ்டார்ட்டர் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். என்ஜின் பகுதியில் எதிலும் நான் இதைப் போடுவதில்லை. அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்குவது சாதாரணம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 80 டிகிரியைத் தொடும். ஆகவே டேஷ்போர்டு வேலைக்குக்கூடச் சூட்டில் இறுக்கும் வகைதான் சரி.

லித்தியம் செல்லில் சால்டர் வைக்கக்கூடாது, அது உண்மை, சூடு செல்லைக் கெடுக்கும். அதற்குப் பதில் பசை என்ற யோசனையும் வேண்டாம். செல்லின் மேல்பக்கத்தில் பாசிட்டிவுக்கும் உறைக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளிதான். பிதுங்கின பசை அங்கே வழிந்தால் நேரடி ஷார்ட், தீ. ஸ்பாட் வெல்டிங் செய்த பட்டையோடு செல்லை வாங்குங்கள்.

மார்ச் 29

எடுப்பது எப்படி என்று கேட்டவருக்கு. அசிட்டோனில் ஊறவைத்தால் வீங்கும், கரையாது, நேரம் பிடிக்கும். சூடுதான் வழி. ஹாட் ஏர் கன்னை அளவாகக் காட்டி, 100 டிகிரியைத் தாண்டியதும் பசை ரப்பர் மாதிரி இளகும், அப்போது பிளேடால் பக்கவாட்டில் தள்ளினால் வந்துவிடும். கார்க் கண்ணாடியில் இதைச் செய்யும்போது சுற்றிலும் பரவலாகச் சூடு காட்டிக்கொண்டு போகவும், ஈரத்துணியை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். இறுகின பசையின்மேல் அயர்னை வைத்து ஈயம் ஏற்றப் பார்க்காதீர்கள், ரெசின் கருகி அடியோடு விட்டுவிடும்.

கையுறை போடுங்கள். ஹார்டனரில் (ரெசினை இறுகவைக்கும் இரண்டாவது பாகம்) இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாக மாறும். மாறிவிட்டால் அப்புறம் எந்த எபாக்சியைத் தொட்டாலும் கை தடித்துக்கொள்ளும், வாழ்நாள் முழுக்க இருக்கலாம். இறுகின பசையை உப்புத்தாளில் தேய்த்தால் வரும் தூளையும் மூச்சில் இழுக்காதீர்கள்.

ஏப்ரல் 5

மிச்சப் பசையை எப்படி வைப்பது என்று கேள்வி. இரண்டு பாகமும் கலக்காமல் இருக்கும்வரை மூடி இறுக்கமாக இருந்தால் லேபிள் தேதிவரை தாங்கும். மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டால் கழுத்தோடு இறுகிவிடும், அதனால் இரண்டிலும் வெவ்வேறு நிறத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன். ஏற்கெனவே கலந்து உறைநிலையில் விற்கும் ஊசிக்குழாய்ப் பசை என்றால் வெளியே எடுத்து முழுக்க அறைச் சூட்டுக்கு வந்தபின் மூடியைத் திறக்க வேண்டும். குளிராக இருக்கும்போது திறந்தால் காற்றின் ஈரம் பசையில் வியர்த்துப் படியும்.

பழைய செட் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கண்ணாடித் துண்டில் 1 மி.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்துக்கு டேப் வழியாக ஒரு கோடு இழுத்து இறுகவிட்டு அளக்கவும். 0.1 மி.மீ. கனத்தில் நல்ல பசை 3 ஓமுக்குள் வரும். முப்பது, நாற்பது ஓம் வந்தால் பட்டன் கோடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கார்க் கண்ணாடிக் கோட்டுக்குப் புதிது வாங்குங்கள்.